குறி தவறுவது குழலால் அல்ல

கீரிமலையின் சுண்ணாம்புக்கல் கரையில் மான் இல்லை. புள்ளிமானைப் பார்க்க விரும்புபவர் வன்னிக் காடுகளுக்கோ வில்பத்துவுக்கோ போகவேண்டும். இல்லையென்றால் திருகோணமலைக்குப் போகலாம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள், ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் அவை மேய்ந்துகொண்டிருக்கும். இலங்கையில் எங்கே கண்டாலும் சுட முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புள்ளிமானுக்கும் மரைக்கும் காவலாக நிற்கிறது. ஆனால் அதே புள்ளிமானை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் வேறு கண்ணோடு பார்க்கிறது. 1886இல் அங்குள்ள மேரிவேல் பண்ணையில் விடப்பட்ட சில மான்களின் வழிவந்தவை இன்று மாட்டுப் பண்ணைகளின் புல்லுக்குப் போட்டியாகப் பெருகியிருக்கின்றன. மாநிலச் சட்டம் அவற்றைக் கேடு விளைவிக்கும் அந்நிய விலங்காகக் கணக்கிடுகிறது. துவக்கு உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் உள்ளவர் அங்கே மான் சுடலாம். கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் உறவுகள் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பரந்து வாழும் காலம் இது. அந்த நாடுகளில் முதல் மான் வேட்டைக்கு ஆயத்தமாகும் ஒருவர், அளவான பணத்தில் எந்த றைபிளை வாங்குவது என்று கேட்டால் அறிவியல் தரும் விடை கடைக்காரர் தரும் விடையிலிருந்து சற்று விலகியே நிற்கும். கடையில் உள்ள மலிவான போல்ட் றைபிளே போதும். மிச்சப் பணத்தைச் சுடுபவரின் கைப்பழக்கத்தில் போடவேண்டும்.

முதலில், ஏன் போல்ட் றைபிள்? அவுஸ்திரேலியாவைப் பொறுத்தவரை இதற்குச் சட்டமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 1996இல் தஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் றைபிள்களைச் சாதாரண உரிமக்காரர் வைத்திருக்க முடியாதபடி அந்நாட்டு அரசுகள் ஒரே உடன்பாட்டுக்கு வந்தன. மீதிப் பாதியைப் பொறியியல் சொல்கிறது. போல்ட் என்பது கையால் இயக்கும் ஒரு தாழ்ப்பாள். பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெறுங்கோது வெளியே விழும்; முன்னுக்குத் தள்ளி இறக்கினால் புதிய ரவை அறைக்குள் போய், போல்ட்டின் முனையிலுள்ள புடைப்புகள் உருக்குச் சுவரில் பூட்டிக்கொள்ளும். ஜேர்மனியின் பவுல் மவுசர் 1898இல் செப்பமாக்கிய இந்த அமைப்பையே இன்றைய வேட்டைத் துவக்குகள் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. சுடும் கணத்தில் வாயுவால் ஓடும் தண்டோ பின்வாங்கும் பாகமோ இதில் இல்லை. அதனால் சுடுகுழல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விதமாக அதிர்கிறது. சன்னமும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குப் போகிறது. பாகங்கள் குறைவு என்பதால் விலையும் குறைவு, துடைப்பதும் எளிது. கனடாவின் வடதுருவப் பகுதிகளில் ரோந்து செல்லும் றேஞ்சர்கள் பழைய லீ என்ஃபீல்டை வைத்துவிட்டு அண்மையில் புதிய றைபிளுக்கு மாறியபோதும், கடுங்குளிரில் நம்பத்தக்கதென்று எடுத்துக்கொண்டது மீண்டும் ஒரு போல்ட் றைபிளைத்தான்.

மலிவானது துல்லியமாக இருக்குமா என்ற ஐயம் இயல்பானது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் அந்த ஐயத்தில் நியாயமும் இருந்தது. அன்று நல்ல றைபிளின் விலை பெரும்பாலும் கைவேலையின் கூலி. ரவை அறைக்குள் மிகச் சரியாகப் பொருந்துமாறு குழலையும் உடலையும் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அராவி இணைக்க வேண்டியிருந்தது. 1958இல் வந்த சவேஜ் 110 அந்த வேலையை ஒரு சுரைக்குள் அடக்கியது: குழலைத் திருகி, அளவுகோலால் சரிபார்த்து, சுரையை இறுக்கினால் முடிந்தது. குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றும் சுருள்வரிகளையும் ஒவ்வொன்றாக வெட்டத் தேவையில்லாமல் போயிற்று. கடின உலோகக் குமிழ் ஒன்றைத் துளைக்குள் இழுத்து அவற்றை அழுத்திப் பதிக்கலாம். அல்லது வரிகள் கொண்ட உள்தண்டின்மேல் குழலைச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து உருவாக்கலாம். கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தபின் ஆயிரமாவது துண்டும் முதல் துண்டைப் போலவே வெளிவருகிறது. ஈரக்காற்றில் உப்பிக் குழலை ஒருபக்கம் நெருக்கும் மரக்கட்டைக்குப் பதிலாக வார்த்தெடுத்த பிளாஸ்ரிக் கட்டை வந்திருக்கிறது. அதற்கு அழகு குறைவு, ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் வளையாது. ரூகர் அமெரிக்கன், சவேஜ் அக்சிஸ் போன்ற இன்றைய கீழ்விலை றைபிள்கள் இந்த மாற்றங்களின் பிள்ளைகள். நல்ல ரவை கிடைத்தால், 100 மீற்றரில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் தொடர்ந்து சுடக்கூடியவை அவை. மூன்று நான்கு மடங்கு விலையுள்ள றைபிள் இந்த வட்டத்தை இரண்டு சென்ரிமீற்றராகச் சுருக்கக்கூடும். அந்த வேறுபாடு வேட்டையில் எவ்வளவு பெறும் என்பதுதான் கேள்வி.

இதற்குப் பள்ளிக்கூடக் கணிதமே விடை தருகிறது. புள்ளிமானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியைச் சுமார் 15 சென்ரிமீற்றர் அகல வட்டமாகக் கொள்வோம். அதற்குள் பட்டால் விலங்கு விரைவில் விழும். வெளியே பட்டால் காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும். இனி, புதிதாகச் சுடப் பழகிய ஒருவர் களத்தில் மூச்சிரைக்க, முழங்காலில் அமர்ந்து சுடுகிறார். கைநடுக்கத்தால் மட்டும் அவருடைய சன்னங்கள் 100 மீற்றரில் 9 சென்ரிமீற்றர் பரவுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மலிவான றைபிளின் சொந்தப் பரவல் 4 சென்ரிமீற்றர். ஒன்றையொன்று சாராத இரண்டு பிழைகள் நேராகக் கூடுவதில்லை. பைதகரஸ் தேற்றத்தில் செங்கோணப் பக்கங்கள் கூடுவதுபோல வர்க்கங்களாகக் கூடுகின்றன. மொத்தப் பரவல் 9.8 வருகிறது. அவருக்கு விலையுயர்ந்த, 2 சென்ரிமீற்றர் றைபிளைக் கொடுத்தால் மொத்தம் 9.2 ஆகிறது. துவக்கின் பிழை பாதியாகியும் முடிவில் மாறியது ஆறு மில்லிமீற்றர்தான். மலிவான றைபிளையே கையில் விட்டு, பயிற்சியால் கைநடுக்கத்தைப் பாதியாக்கினால் மொத்தம் 6.0க்கு இறங்குகிறது. 200 மீற்றருக்குப் போனால் இந்த எண்கள் இரட்டிக்கும். அங்கே விலையுயர்ந்த றைபிளோடு நிற்கும் பழகாதவரின் பரவல் 18 சென்ரிமீற்றரைத் தாண்டி நெஞ்சு வட்டத்துக்கு வெளியே வழிகிறது. மலிவான றைபிளோடு நிற்கும் பழகியவரின் 12 சென்ரிமீற்றர் அந்த வட்டத்துக்குள் அடங்குகிறது.

துல்லியக் குறைவைப் பெரிய ரவையால் ஈடுகட்டலாமே என்பது பலரும் சொல்லும் மறுப்பு. எங்கே பட்டாலும் விழுத்திவிடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. நுவரெலியாவில் 1840களின் இறுதியில் குடியேறி இலங்கைக் காடுகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் 100 கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டைச் சுடும் துவக்கு இருந்தது. கரும்புகை மருந்தின் காலத்தில் வேகத்தைக் கூட்ட முடியாததால் எடையைக் கூட்டினார்கள். அந்தத் தேவை புகையற்ற மருந்து வந்ததோடு போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவில் யானை வேட்டையாடிய வால்ற்றர் பெல் தன் யானைகளில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் மவுசர் ரவையால், அதாவது இன்று மானுக்கே அளவானதென்று கருதப்படும் ஒன்றால் வீழ்த்தினார். விலங்கின் உடற்கூற்றைக் கற்று இடம்பார்த்துச் சுட்டதே அவருடைய முறை. பெரிய ரவைக்கு இன்னொரு செலவும் உண்டு. சன்னமும் மருந்து வாயுவும் முன்னுக்குப் போகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் தோளில் இறங்கும். ஒரே எடையுள்ள றைபிளில் .308 வின்செஸ்ரர் ரவையின் பின்னுதைப்பு ஆற்றல் .243 ரவையைவிட ஏறத்தாழ இரு மடங்கு; .300 மக்னம் ஏறத்தாழ மூன்று மடங்கு. தோள் நொந்த புதியவர் அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடி உடம்பை இறுக்கிக்கொள்வார். அப்போது மேலே பார்த்த 9 சென்ரிமீற்றர் 15 ஆகலாம். 70 கிலோ அளவுள்ள மானுக்கு .243, 6.5 கிறீட்மோர், 7மிமீ-08 என்ற மூன்றில் ஒன்று போதும். .308 அதற்கு மேலெல்லை.

விலை குறைந்தால் பாதுகாப்பும் குறையுமே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் மலிவுக்கும் பழமைக்கும் வேறுபாடு காணவேண்டும். அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் செய்த .303 றைபிள்கள், நம் பொலிஸார் நெடுங்காலம் தோளில் சுமந்த அதே வகை, இன்றும் கைமாறிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். குழல் தேய்ந்திருக்கலாம், பூட்டு தளர்ந்து ரவைக்குப் பின்னால் இடைவெளி கூடியிருக்கலாம். துவக்குத் திருத்துநர் அளந்து பார்க்காமல் அப்படியொன்றைச் சுடுவது ஆபத்து. புதிய கீழ்விலை றைபிளில் இந்தக் கவலை இல்லை. மறுபக்கத்தில், புகழும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருவதில்லை. 1962 முதல் விற்பனையில் இருக்கும் றெமிங்ரன் 700, வேட்டைக்காரர் மத்தியில் பெயர்பெற்ற றைபிள். அதன் விசை, விரல் படாமலே சில வேளை விடுபடுகிறது என்ற வழக்குகளின் முடிவில், குறையை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 75 இலட்சம் துவக்குகளின் விசையை மாற்றித்தர 2014இல் அந்த நிறுவனம் இணக்கப்பாட்டுக்கு வந்தது. எந்த விசையும் பழுதாகலாம் என்பதால்தான், சுடப்போகாத எதன்மேலும் குழல்வாயைத் திருப்பாதே என்ற விதி எல்லா விலைக்கும் பொதுவாக இருக்கிறது. கனடாவில் உரிமத்துக்கு முன் கட்டாயமாக எடுக்கும் பாதுகாப்பு வகுப்பும் இதைப் பழக்குகிறது.

அப்படியானால் மிச்சப்படுத்திய பணம் எங்கே போகவேண்டும்? முதலாவது ஸ்கோப்புக்கு. பின்னுதைப்பில் குறிநிலை நகர்ந்துவிடும் மட்டமான ஸ்கோப், நல்ல றைபிளையும் கெட்டதாக்கும். இரண்டாவது ரவைக்கு, அதிலும் பெரும்பங்கு பயிற்சிக்கு. ஒரு .308 சன்னம் 100 மீற்றரைக் கடக்க எடுக்கும் ஏறத்தாழ எட்டிலொரு செக்கனுக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 7 சென்ரிமீற்றர் கீழே இழுக்கிறது. 200 மீற்றரில் இது 30 சென்ரிமீற்றரை எட்டும். தூரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்குக்கு மேல் போகும் என்பதால், தூரத்தைத் தவறாக மதித்தவருக்கு எந்த றைபிளும் உதவாது. தன் துவக்கு எந்தத் தூரத்தில் எங்கே அடிக்கிறது என்பதைப் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்த்துத்தான் அறியவேண்டும். பின்னுதைப்பு மிகக் குறைந்த .22 றைபிளில் கை பழகுவது இதற்கு மலிவான தொடக்கம். சன்னத்தின் உலோகத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஈயச் சன்னம் எலும்பில் பட்டுச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இறைச்சியில் தங்குகின்றன. 2008இல் வட டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டை இறைச்சி உண்பவரிடம் ஈயத்தின் அளவு சிறிதளவு கூடுதலாகவே இருந்தது. 2019 நடுப்பகுதியிலிருந்து கலிபோர்னியா வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடுத்திருக்கிறது. மான் இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் செப்புச் சன்னத்தின் மேலதிக விலை வீண்செலவாகாது.

கடைசி மறுப்பு ஊரிலிருந்தே எழும், அதுவே கனமானது. ஆண்டுக்கணக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, பகுதி பகுதியாக மீண்ட வலிகாமம் வடக்கு நிலத்தில் துவக்கைப் பற்றி நுட்பமாகப் பேசுவது சரியா? மானைக் கொல்வது எங்கேயானாலும் கொலைதானே? கொல்லாமையைக் கடைப்பிடிப்பவருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் மறுமொழி ஆகாது, ஆகவேண்டியதும் இல்லை. ஆனால் இடத்துக்கு இடம் அறம் மாறுவதற்குச் சூழலியல் காரணம் காட்டுகிறது. வில்பத்துவிலும் யாலவிலும் புள்ளிமான் சிறுத்தையின் உணவு. அதைச் சுடுபவர் சிறுத்தையின் பங்கை எடுக்கிறார். பிரித்தானியர் கொண்டுபோய் விட்ட அந்தமான் தீவுகளிலும், குயின்ஸ்லாந்திலும் சிறுத்தை இல்லை. அங்கே பெருகும் மான் இளம் மரக்கன்றுகளையும் புல்லையும் தின்று தீர்க்கிறது. நம் நாட்டில் வேட்டையைத் தடுக்கும் சட்டமும் குயின்ஸ்லாந்தில் அதை அனுமதிக்கும் சட்டமும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

உள்ளூரில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துவது கட்டுத்துவக்குக்கு. காட்டோரப் பாதையில் கம்பி கட்டி, இடறுவது எதுவோ அதைச் சுடும்படி வைக்கும் அந்தக் கருவி மானையும் பன்றியையும் மட்டும் பார்ப்பதில்லை; யானையின் காலையும் விறகுக்குப் போன மனிதரின் முழங்காலையும் அது சிதைத்திருக்கிறது. அதில் தூர மதிப்பும் இல்லை, இடம் பார்த்தலும் இல்லை, சுடாமல் விடும் முடிவும் இல்லை. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் போல்ட் றைபிளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. றைபிளின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தூரம் கூடுதல், கை நடுங்குகிறது, மான் பக்கவாட்டில் நிற்கவில்லை என்று கண்டால் அவரால் துவக்கைத் தாழ்த்த முடியும். முதல் வேட்டைக்குப் போகிறவர் பணம் கொடுத்து வாங்க முடியாத திறமை அது ஒன்றே. அதைப் பழகாதவருக்கு விலையுயர்ந்த றைபிளும் பயன்படாது. பழகியவருக்கு மலிவானதே தாராளம்.