புகையும் அழுத்தமும்: டர்போ எஞ்சினின் நோயறியும் முறை

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் மூலத்தையும் கண்டறிந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் மருத்துவருக்கு வகுத்த முறை. மோட்டார் எஞ்சினைப் பழுது பார்ப்பவருக்கும் இம்முறை முற்றும் பொருந்தும். எனினும், டர்போ பொருத்திய கார் ஒன்று புகையைக் கக்கத் தொடங்கியவுடன், பெரும்பாலோர் டர்போவின் மீதே பழியைச் சுமத்தி, அதனை மாற்றிவிடத் துணிகின்றனர். பெரும் பொருள் செலவிட்டுப் புதிய டர்போவைப் பொருத்திய பின்னும் புகை நிற்காமற்போவதுண்டு. இது ஏன் நேர்கிறது, இதைத் தவிர்க்கும் வழி யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது, அங்குள்ள காற்று நெருக்கி அழுத்தப்படுகிறது. இதையே மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்பர். வால்வுகள் இறுக மூடியும், பிஸ்டன் வளையங்கள் சுவரோடு படிந்தும், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட் பழுதின்றியும் இருந்தாலன்றி இவ்வழுத்தம் நிலைக்காது. டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. சுவிட்ஸர்லாந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்கிறது. அத்தண்டைத் தாங்குவதும் குளிர்விப்பதும் எஞ்சினின் எண்ணெயே. இந்த எண்ணெய் உறவை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர்க் கூறப்போவது எளிதில் விளங்கும்.

முதற்கண் புகையின் நிறத்தைக் கவனிப்போம். நீலப் புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருளுக்குத் தக்க காற்று கிடைக்கவில்லை என்பதைத் தெரிவிக்கும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் கிழிந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை எழுந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்து வருமாயின், கேஸ்கெட்டின் மீது ஐயங்கொள்ள வேண்டும். டில்லியின் மார்கழிக் காலையில் பின்குழாயிலிருந்து சிறிது நேரம் வெளிவரும் வெண்ணிற ஆவியோ வெறும் நீராவி. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

நீலப் புகை எழும் நேரமும் செய்தி சொல்லும். காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் ஒருமுறை மட்டும் எழுந்து அடங்கினால், வால்வுத் தண்டின் எண்ணெய்த் தடுப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் மிகுமாயின், வளையங்களோ டர்போவோ காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேதான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

டர்போவுக்குச் சென்ற எண்ணெய், ஒரு குழாய் வழியே தானாகவே வழிந்து எஞ்சினின் அடித்தொட்டிக்குத் திரும்புகிறது. வளையங்கள் தேய்ந்தாலோ உடைந்தாலோ, எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி, அத்தொட்டியில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அப்போது எண்ணெய் இறங்க வழியின்றி டர்போவிலேயே தேங்கி, தண்டின் ஓரமாகக் கசிந்து எரிகிறது. இந்நிலையில் டர்போவைக் கழற்றிப் பார்ப்பவர், அது எண்ணெயில் நனைந்திருப்பதைக் கண்டு, குற்றவாளி அதுவே என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். குற்றம் வளையத்தினுடையது, தண்டனையோ டர்போவுக்கு! புதிய டர்போவும் சில நாளில் புகைவது இதனாலேதான். சில வேளைகளில் வளையங்கள் நன்றாகவே இருந்து, எஞ்சினின் ஆவிபோக்கிக் குழாய் மட்டும் அடைபட்டு இதே விளைவைத் தருவதுண்டு. அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ஆகவே, எதையும் கழற்றுமுன் அழுத்தத்தை அளந்தறிவது அவசியம். எஞ்சினைச் சூடேற்றி, எரிபொருள் வரவையும் தீப்பொறியையும் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். காற்று வரும் வழியை முழுதும் திறந்து வைத்து, அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்ற வேண்டும். பாட்டரி நல்ல நிலையில் இல்லையேல் அளவு பொய்த்துப்போகும். இருக்க வேண்டிய அளவை வண்டியின் பணிமனைக் கையேடு கூறும். சிலிண்டர்களுக்குள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் வேற்றுமை காணுமாயின், பழுது உண்டென்று கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, நான்கு சிலிண்டர்களில் மூன்று 160 பவுண்டு காட்ட, ஒன்று மட்டும் 95 காட்டுவதாகக் கொள்வோம். அதனுள் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அளவு நன்கு உயருமாயின் தேய்ந்த வளையம் காரணமாகலாம். எண்ணெய் அவ்விடைவெளியைச் சற்று நேரம் அடைத்துவிடுகிறது. உயராவிடில் வால்வையோ கேஸ்கெட்டையோ நோக்க வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் குறைந்திருந்தால், அவற்றிடையே கேஸ்கெட் எரிந்திருக்கக்கூடும். நான்கும் ஒருசேரக் குறைந்திருந்தால், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்றும் பார்த்தல் நலம்.

இதனினும் நுட்பமான சோதனை ஒன்றுண்டு. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரு வால்வுகளும் மூடிய நிலையில், சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதால் கேட்பது அது. பின்குழாயில் சீறல் கேட்டால் புகைபோக்கு வால்வும், காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் உள்வாங்கு வால்வும், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் வளையம் அல்லது பிஸ்டனும் பழுதென்று கொள்ளலாம். ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கெட் அல்லது சிலிண்டர் தலையே காரணம்.

டீசல் எஞ்சினில் எண்ணெய் விட்டுச் சோதிப்பது தகாது. அங்கே பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் மிகச் சிறிதாகையால், எண்ணெய் அளவைப் பொய்யாக உயர்த்தும். மிகுந்துவிட்டால் எஞ்சினுக்கே கேடு. அதன் அழுத்தமும் பெட்ரோல் எஞ்சினினும் பன்மடங்கு அதிகமாகையால், அதற்குரிய தனி அழுத்தமானியே வேண்டும். மேலும், டீசல் பற்றுவது அழுத்தத்தால் விளையும் உஷ்ணத்தாலேயே. ஆதலின் அழுத்தம் குறைந்த எஞ்சின், காலையில் கிளம்ப அடம்பிடித்து, எரியாத டீசலை வெண்புகையாக வெளியேற்றும். 2020 ஏப்ரல் முதல் வந்துள்ள பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களிலோ, புகைத்துகள் வடிகட்டி நோய்க்குறியை ஓரளவு மறைத்துவிடக்கூடும். அவற்றில் எண்ணெய் அளவுகோலை அடிக்கடி பார்த்து வருதலே சிறந்த காவல்.

அழுத்தம் சரியாக இருந்து, ஆவிபோக்கியும் எண்ணெய் திரும்பும் குழாயும் அடைபடாமல் இருந்தும் நீலப் புகை தொடர்ந்தால், அப்போதுதான் டர்போவைச் சந்தேகிப்பது நியாயம். அதன் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இயற்கை. முன்பின்னாக அசைவது உணரப்பட்டாலும், இறக்கைகள் கூட்டில் உரசியிருந்தாலும் டர்போவின் காலம் முடிந்ததென்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நீலப் புகை மிகுந்த டீசல் காரை ஓட்டிக்கொண்டே காலங்கடத்துவது ஆபத்து. டர்போ முற்றும் பழுதாகிவிட்டால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, சாவியை அணைத்த பின்னும் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். கைக்கியர் வண்டியாயின், பிரேக்கை இறுக அழுத்தி, உயர்ந்த கியரிலிட்டு, கிளட்சை விட்டு நிறுத்த முயலலாம். காற்று வரும் வாயில் வெறுங்கையை வைத்தல் கூடாது.

உரிய காலத்தில் உரிய எண்ணெயை மாற்றுவதும், நெடுந்தூரம் விரைந்து வந்தபின் ஒரு நிமிஷம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நிறுத்துவதும் டர்போவுக்கும் வளையங்களுக்கும் ஆயுளை நீட்டிக்கும். அவ்வாறு காத்தும் புகை எழுந்துவிட்டதாயின், மெக்கானிக்கிடம் டர்போவின் விலையைக் கேட்குமுன், நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்போம். வீண் செலவைத் தடுக்க அந்தச் சிறு தாளே போதும்.