சித்தி இல்லாத வீட்டுக் கணக்கு

ஆஸ்திக்கு ஓர் ஆண், ஆசைக்கு ஒரு பெண். அளவான குடும்பத்துக்கு நம் ஊர் வைத்திருக்கும் இலக்கணம் இதுதான். எல்லா வீட்டாரும் இரண்டு தலைமுறைக்கு இதைப் பிசகாமல் கடைப்பிடித்தால் உறவுப் பட்டியல் என்ன ஆகும்? எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது: தாய்மாமன் 1, அத்தை 1, பெரியம்மா 0, சித்தி 0, பெரியப்பா 0, சித்தப்பா 0. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அக்கா தங்கை 0. கல்யாணமாகிப் போகிற இடத்தில் நாத்தனார் 1, ஓரகத்தி 0. அவள் புருஷனுக்குக் கொழுந்தியாள் 0, சகலை 0.

காரணம் எளிது. அம்மாவோடு பிறந்தவர் ஒருவர்தான், அவர் ஆண். அப்பாவோடு பிறந்தவர் ஒருவர்தான், அவர் பெண். மாமன் வீடும் அத்தை வீடும் தப்பித்துக்கொண்டன. காதணி விழாவுக்குத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவர மாமன் உண்டு, பொங்கல்படி வாங்கிக்கொள்ள அத்தை உண்டு. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே மட்டும் நம் வழக்கத்தில் கட்டாயச் சீர் என்று ஒன்று கிடையாது. தம்பி கொண்டுவராவிட்டால் ஊர் கேட்கும். தங்கை கொண்டுவராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சடங்குக்கு வேண்டிய உறவெல்லாம் நின்றுவிட, சடங்கே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த உறவு பட்டியலிலிருந்து கழன்றுவிட்டது.

நிஜத்தில் பிள்ளைகள் இலக்கணப்படி பிறப்பதில்லை. கணக்கைக் கொஞ்சம் தளர்த்துவோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பு. பழைய வீடுகளில் பிறந்ததில் போனது போக 5 பிள்ளைகள் தங்கின என்று வைத்துக்கொள்வோம். அம்மாவோடு பிறந்தவர்கள் 4 பேர், அப்பாவோடு பிறந்தவர்கள் 4 பேர், ஆளுக்கு 5 பிள்ளைகள்: மொத்தம் 40. இதில் பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் 20 பேர் உடன்பிறந்த முறை. மாமா, அத்தை பிள்ளைகள் 20 பேர் கட்டிக்கொள்ளும் முறை. உடன்பிறந்த முறையில் பாதிப் பேர் பெண்கள், அதாவது 10. சொந்த வீட்டில் கூடப் பிறந்தவர்கள் 2. ஆக ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 12 அக்கா தங்கைகள்.

இதே கணக்கை வீட்டுக்கு 2 பிள்ளை என்று போட்டால் 40 என்பது 4 ஆகிறது, 12 என்பது 1.5 ஆகிறது. பிள்ளைகள் குறைந்தது இரண்டரை மடங்கு; அக்கா தங்கைகள் குறைந்தது எட்டு மடங்கு. இந்த 1.5-ம் சராசரிதான். விரித்துப் பார்த்தால் 128 பெண்களில் 25 பேருக்கு, ஏறத்தாழ ஐந்தில் ஒருத்திக்கு, சொந்தத்திலும் சரி முறையிலும் சரி, அக்கா தங்கை என்று சொல்ல ஒருத்தியும் இருக்க மாட்டாள். வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு தலைமுறை நின்றுவிட்டால் கணக்கே வேண்டாம். மாமாவும் அத்தையும் சேர்ந்து போய்விடுவார்கள்.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது? 1971-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.9 பிள்ளைகள். தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 1992-93-ல் 2.48, 2005-06-ல் 1.80, 2019-21-ல் 1.76. மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கோ 1.4 என்கிறது. அதாவது மேலே போட்ட 2 பிள்ளைக் கணக்கே இன்றைய நிலவரத்துக்குத் தாராளம். இன்று பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளின் மகள்களுக்குச் சித்தி என்பவள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இருக்கிற ஒன்றாகத்தான் தெரியும்.

பழைய 5-ஐ நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இன்னொரு எண்ணையும் காட்ட வேண்டும். 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 13. பாட்டி காலத்து வீடுகளில் “நடுவுல ஒண்ணு தவறிப்போச்சு” என்ற பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். அந்தப் பேச்சு நின்றதற்காக அக்கா தங்கைகளை விலையாகக் கொடுத்தோம் என்றால், நான் அதை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியது வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943. பெண்சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்க வேண்டிவந்ததும் இதே சங்கதியால்தான். மூத்த பெண்ணை வளர்த்த வீடுகளிலும் இரண்டாவதோ மூன்றாவதோ பெண்ணாய்ப் பிறந்தால்தான் ஆபத்து அதிகம். ஆக அங்கே இல்லாமல் போனவர்களில் தங்கைகளே அதிகம்.

இனி ரூபாய்க் கணக்கு. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நோட்டை எண்ணி டிரங்குப் பெட்டியில் போடுவார், மற்றவர் எழுதுவார்: ஊர், தகப்பன் பெயர், கொடுத்தவர் பெயர், தொகை. மதுரை, தேனி பக்கம் இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்து ரசீதும் கையோடு கிடைக்கிறது. காகிதம் மாறினாலும் பதிவு மாறவில்லை. மணப்பெண்ணின் சித்தி கொடுத்த 5,001 சித்தப்பாவின் பெயரில்தான் ஏறும். மொய் நோட்டை வைத்துக்கொண்டு யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று தேடினால் சகோதரிகள் ஒருவருக்கொருவர் காலணா கொடுத்ததாகத் தெரியாது. அவர்கள் கொடுத்தது அடுப்படியில் கைமாறியிருக்கும். நாலாக மடித்த நோட்டு, “செலவுக்கு வச்சுக்க” என்ற ஒரு சொல், அவ்வளவுதான்.

எழுதப்படாத கணக்கில் பெரிய தொகை பிரசவக் கணக்கு. தலைப்பிரசவத்துக்கு அம்மா இருப்பாள். இரண்டாவதற்குள் அம்மாவுக்கு முட்டிவலி வந்திருக்கும். கல்யாணமாகாத தங்கையோ, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காவோ வந்து இருப்பாள். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, உரைமருந்து உரைத்துப் புகட்டுவது, தாய்க்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பத்தியச் சாப்பாடாகப் போடுவது, இதற்கிடையில் மூத்ததுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவது. தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-ல் எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். பிள்ளைகள், முதியவர்களைக் கவனிக்கும் பெண்கள் அதற்குச் செலவிடுவது 134 நிமிடம். ஆண்களுக்கு இதே வரிசையில் 97, 76. பிரசவ வீட்டுக்கு வந்தவள் இரண்டையும் செய்கிறாள். கூட்டினால் 433 நிமிடம், 7 மணி நேரத்துக்கு மேல். இதெல்லாம் சாதாரண நாளின் சராசரி. பிரசவ வீட்டில் ராத்திரி விழிப்பு தனி.

இதற்குக் கூலி போடுவோம். 100 நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். 3 மாதம், 90 நாள்: 30,240 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அரசு தருவது ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000. ஏழைத் தாய்க்கு அரசாங்கம் கொடுப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒரு தங்கை கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் பதில் மரியாதை ஊருக்குக் கிளம்பும்போது ஒரு புடவை. அடுத்த வருஷம் அவள் பிரசவத்துக்கு இவள் போய்விட்டால் பற்றும் வரவும் சரி. போக முடியாத அக்காக்களும் உண்டு. அந்தப் பாக்கி பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் பேச்சில் ஓடும்.

அடுத்தது நகை. கடன் வாங்க அக்காவின் சங்கிலியைக் கேட்டு வாங்கி அடகு வைப்பது நம் குடும்பங்களில் வங்கிக்கும் முந்திய ஏற்பாடு. வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் வருஷத்துக்கு 24 சதவீதம். அக்காவின் நகைக்கு அக்கா வட்டி கேட்பதில்லை, அடகுக் கடை வட்டியோடு போயிற்று. இதில் ஒரு விதி கறாரானது: நகையாக வாங்கினது நகையாகத் திரும்ப வேண்டும். அந்த விதியின் விலையைப் பாருங்கள். 2000-ல் ஒரு பவுன் 3,500 ரூபாயை ஒட்டி இருந்தது. 5 பவுன் சங்கிலி என்றால் 17,500. அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டி போட்டால் 20 ஆண்டில் 81,500 சொச்சம் ஆகும். 2020 ஜூலையில் பவுன் 40,000-ஐத் தாண்டியபோது அதே 5 பவுனுக்கு 2 லட்சம் வேண்டும். மூழ்கிப்போன சங்கிலிக்குப் பதிலாக “அன்னைக்கு மதிப்புக்குப் பணமா வாங்கிக்கக்கா” என்று ஒரு தங்கை சொன்னால், அவள் அக்காவிடம் கேட்பது ஒரு லட்சத்துக்கு மேல் தள்ளுபடி. சகோதரிகள் பேச்சுவார்த்தை நிறுத்திக்கொண்ட வீடுகளில் கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலும் ஒரு சங்கிலி அகப்படும்.

சொத்துக் கணக்கைத் தொடாமல் இந்தப் பேரேட்டை மூட முடியாது. 3 ஏக்கர் 60 சென்ட் பூர்வீக நிலம், உயில் எழுதாமல் இறந்த அப்பா, அம்மா, 2 மகன், 3 மகள் என்று வைப்போம். பழைய முறையில் முதலில் அப்பாவும் இரு மகன்களும் நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டதாகக் கொண்டு, அப்பாவின் 120 சென்ட்டை மட்டும் 6 பேருக்குப் பங்கு வைப்பார்கள். மகனுக்கு 140, மகளுக்கு 20, அம்மாவுக்கு 20. தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் பங்காளியாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களை வெளியே நிறுத்தியது. ஒரே வீட்டில் மூத்தவளுக்குப் பங்கு இல்லை, இளையவளுக்கு உண்டு என்ற கோணல் இப்படித்தான் வந்தது. அக்கா தங்கைக்குள் இதைவிடக் கூர்மையான கத்தியைச் சட்டம் கொடுத்திருக்க முடியாது. மத்திய அரசின் 2005 திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புதுக் கணக்கில் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 70 சென்ட், அம்மாவுக்கு 10. மூன்று சகோதரிகளும் சேர்ந்து 60 சென்ட்டிலிருந்து 210-க்கு வந்தார்கள். அம்மாவின் 20 பாதியானதை யாரும் பேசக் காணோம்.

ஆனால் 210 சென்ட்டில் எத்தனை சென்ட் அவர்கள் கைக்குப் போகிறது? பத்திர அலுவலகத்தில் சகோதரிகள் வரிசையாக நின்று விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. குடும்பத்துக்குள் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. சென்ட் 50,000 என்று வைத்தால் ஒருத்தியின் 70 சென்ட் 35 லட்சம். அதை விட்டுக்கொடுக்க ஆகும் செலவு 35,000-மும் 10,000-மும் சேர்த்து 45,000. பதிலுக்கு அண்ணன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருஷம் 5,000 ரூபாய்க்குச் சீர் செய்கிறார் என்றால், 35 லட்சம் நேராக 700 வருஷம் வேண்டும்.

பிறந்த வீட்டு வாசல் அடைபடக் கூடாது என்பதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்பார்கள். அந்த வாசலுக்கு விலை 35 லட்சம் என்று தெரிந்து போடுகிறவளை நான் குறைசொல்ல மாட்டேன். தெரியாமல் போடவைக்கிறவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. மூன்று பேரும் ஒன்றாக நின்று கேட்டால் கிடைக்கிற பங்கு, ஒருத்தி மட்டும் கேட்டால் வம்பாகிறது. சகோதரிகளின் எண்ணிக்கைக்கு நேரடியாக ரூபாய் மதிப்பு இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்க்கவும் பேசவும் ஆகும் செலவு மட்டும் இறங்கியிருக்கிறது. எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரிச் சலுகைக் கட்டணத்துக்குக் காத்திருந்து, மீட்டரின் சிவப்பு எண்ணில் கண்ணை வைத்துக்கொண்டே பேசினார்கள். 2006-ல் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடம் 1 ரூபாய் என்றது. இப்போது ரீசார்ஜ் போட்டால் பேச்சுக்குத் தனிக் காசு இல்லை. குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் போன் தோளில் இடுக்கியே இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் 0. முன்பெல்லாம் தங்கை வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைச் சொல்லி வீட்டில் பஸ் காசு வாங்க வேண்டும். இன்று கீரைக்கட்டோடு ஏறி, கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். போகச் செலவில்லாத காலம் வந்திருக்கிறது, போவதற்குத் தங்கை குறைந்த காலத்தில்.

அதனால் பிள்ளைகள் தாங்களே ஒரு ஈடு கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று ஆண், ஒன்று பெண் வீடுகளில் மிஞ்சுகிற மாமா, அத்தை பிள்ளைகள் 4 பேரில் 2 பெண்கள்: ஒருத்தி மாமன் மகள், ஒருத்தி அத்தை மகள். பழைய முறைப்படி இவர்கள் மதினி, கேலி பேச வேண்டியவர்கள். இன்றைய பெண்பிள்ளைகள் இவர்களைத்தான் அக்கா என்றும் தங்கச்சி என்றும் கூப்பிடுகிறார்கள், ஒரே மாதிரி சுடிதார் எடுக்கிறார்கள், ‘கசின்ஸ்’ என்று வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்னமும் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில்தான் கல்யாணம் செய்திருக்கிறார்கள் என்கிறது 2019-21 ஆய்வு. இந்திய சராசரி 11. எனவே இந்த அக்கா தங்கை விளையாட்டைப் பெரியவர்கள் அவ்வளவு ரசிப்பதில்லை. தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா அதட்டுவார்: “ஏண்டி, உங்க அண்ணனுக்குக் கட்டப்போற புள்ளையப் போயி அக்காங்கிற. அப்புறம் அவன் என்னத்தச் சொல்லிக் கூப்பிடுவான்?”