ஆறு திங்கள் இரவா?

துருவங்களில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். புவியியல் பயிலும் என்னிடம் பிற துறை நண்பர்கள், "அப்படியானால் ஆறு மாதமும் அங்கே கும்மிருட்டுத்தானா?" என்று கேட்பதுண்டு. விடை காண முயல்வோம்.

புவியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. இச்சாய்வு மாறாமலே புவி சூரியனைச் சுற்றுவதால், ஜூனில் வடதுருவம் சூரியனை நோக்கியும், டிசம்பரில் விலகியும் இருக்கிறது. 66½ பாகைக்கு அப்பால் செல்லச் செல்ல, கோடையில் சூரியன் மறையாத நாட்களும் குளிர்காலத்தில் உதிக்காத நாட்களும் பெருகும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 பாகையிலுள்ள லாங்யர்பியன் நகரில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. ஆறு மாதக் கணக்கு துருவப் புள்ளிக்கே பொருந்தும்.

அங்கும் இரவெல்லாம் இருளன்று. சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18 பாகை இறங்கும்வரை அந்தியொளி முற்றிலும் அழிவதில்லை. நம் ஊரில் சூரியன் விரைந்து இறங்குவதால், ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவே அவ்வொளி நிற்கிறது. துருவத்திலோ அது வாரக்கணக்கில் நீடிக்கிறது. ஆதலின் முழு இருள் ஏறத்தாழ இரண்டரை மாதமே. அப்போதும் முழுநிலவு மறையாமல் வானில் வலம் வரும்.

எனினும் அந்த இருள் எளிதானதன்று. 1898-இல் பெல்ஜியம் நாட்டின் 'பெல்ஜிகா' என்னும் கப்பல் அண்டார்க்டிகாவின் பனிக்கடலில் சிக்கியது. மே நடுப்பகுதியில் மறைந்த சூரியன் ஜூலை பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. மாலுமிகள் சோர்ந்தனர், சிலருக்கு மனநிலையும் பிறழ்ந்தது. இதய நோயுற்றிருந்த டாங்கோ என்னும் அதிகாரி இறந்தார். கப்பல் மருத்துவர் பிரெடரிக் குக், நோயாளிகளை நெருப்பின் முன் நாள்தோறும் நிற்க வைத்தார். சீல், பெங்குவின் ஆகியவற்றின் புதிய இறைச்சியை உண்ணச் செய்தார். இறைச்சியிலிருந்த 'சி' வைட்டமின் ஸ்கர்வி நோயைத் தணித்தது. பிற்காலத்தில் 1911-இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சன் அக்கப்பலில் துணை அதிகாரியாக இருந்தவரே.

குக்கின் நெருப்பு வைத்தியத்திலும் ஓர் உண்மை உண்டு. கண்ணில் விழும் ஒளியே மூளையிலுள்ள உடற்கடிகாரத்தைச் சீர்படுத்துகிறது. இருளில் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் சுரந்து உறக்கத்திற்கு வழிசெய்கிறது. காலை ஒளி இல்லையேல் இக்கடிகாரம் தடுமாறும், உறக்கம் கெடும், உள்ளமும் வாடும். மறையாப் பகலும் இத்தகையதே. கனத்த திரையிட்டு இரவை உண்டாக்கிக்கொண்டுதான் அங்கு உறங்க வேண்டும்.

அண்டார்க்டிகாவில் 1989-இல் அமைந்த நம் நாட்டின் மைத்ரி நிலையம் ஏறத்தாழ 70¾ பாகையில் உள்ளது. அங்கே குளிர்காலம் முழுதும் தங்கும் இந்தியர்களும் சுமார் இரண்டு மாதம் சூரியனைக் காண்பதில்லை. விளக்கொளி, நல்லுணவு, தவறாத நேர ஒழுங்கு, தோழமை ஆகியனவே அவர்களுக்குத் துணை. வெயிலை நாள்தோறும் குறை கூறும் நாம், அது நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஆற்றும் தொண்டினை எண்ணிப் பார்ப்பது நன்று.