ரோமாபுரிக்குச் சோறிட்ட துறைமுகம்

கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே, டைபர் நதிக்கரையில் அமைந்த நகரம் ரோமாபுரி. கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தோர் பத்து லட்சம் பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. இத்தனை வயிறுகளுக்கும் வேண்டிய கோதுமை அக்கம்பக்கத்து வயல்களில் விளையவில்லை. எகிப்திலிருந்தும், வட ஆப்பிரிக்காவிலிருந்தும், ஸிஸிலி, ஸார்டீனியா தீவுகளிலிருந்தும் அது கப்பல் கப்பலாக வந்தாக வேண்டும். வரும் கப்பல் கரையணைய இடம் வேண்டுமல்லவா? அந்த இடந்தான் ரோமாபுரிக்கு இல்லாமலிருந்தது.

டைபர் நதியின் முகத்துவாரத்தில் ஆஸ்டியா என்னும் ஊர் இருந்தது உண்மையே. ஆனால் நதி கொண்டுவந்து கொட்டும் வண்டல் அங்கே மேடிட்டுக் கிடந்தது. பெருங்கப்பல்கள் வெளியே, காப்பற்ற கடலில் நங்கூரமிட்டு நின்று, சரக்கைத் தோணிகளில் இறக்கின என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். எகிப்தியக் கப்பல்களோ இந்தத் தொல்லையே வேண்டாமென்று, சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே, நேப்பிள்ஸ் விரிகுடாவிலுள்ள பூட்டியோலித் துறையை நாடின. அங்கிருந்து தானியம் சிறு கலங்களில் மறுபடியும் வடக்கே வர வேண்டும்.

தானிய வழங்கலை ரோமர்கள் 'அன்னோனா' என்றனர். நம் செவிக்கு 'அன்னம்' என்று கேட்கும் இச்சொல்லுக்கும் அன்னத்திற்கும் உறவில்லை. ஆண்டு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, அவ்வாண்டு விளைச்சல் என்ற கருத்தில் அது பிறந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இத்தகைய ஒலி ஒற்றுமைகளைச் சற்று ஐயத்துடனேயே பார்ப்பார்கள். ஆனால் 'ரேஷன்' என்று மொழிபெயர்த்தால் பெரும்பிழை ஆகாது. நகரக் குடியுரிமை பெற்ற சுமார் 2 லட்சம் ஆடவர்க்கு மாதந்தோறும் ஐந்து மரக்கால், அதாவது ஏறத்தாழ 33 கிலோ கோதுமை, அரசு விலையின்றி அளித்தது. மோடியஸ் என்ற ரோம அளவையையே இங்கு மரக்கால் என்று குறித்தேன். நம் நாட்டின் அந்த்யோதய அன்ன யோஜனாத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு வகுக்கப்பட்ட அளவு 35 கிலோ என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கி.பி. 41-இல் கிளாடியஸ் அரியணை ஏறியபோது, நகரத்தில் எஞ்சியிருந்த உணவு ஏழெட்டு நாட்களுக்கே போதுமானதாயிருந்தது என்கிறார் செனெக்கா. பசித்த நகரத்தில் எந்த அரசனும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது கிளாடியஸுக்குத் தெரியும். அடுத்த ஆண்டே துறைமுக வேலையைத் தொடங்கினார். செலவு எவ்வளவு ஆகும் என்று சிற்பிகளைக் கேட்டபோது, இதைச் செய்யாதிருப்பதே நலம் என்ற பொருள்பட அவர்கள் விடையளித்தார்களாம். கட்டட வல்லுநர் மதிப்பீட்டைக் கூறாமல் மன்னரைத் தடுக்கப் பார்த்த அபூர்வ நிகழ்ச்சி இது!

ஆஸ்டியாவுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, இயற்கையான குடா ஏதுமற்ற மணற்கரையில் வேலை நடந்தது. நிலத்தை அகழ்ந்தும், கடலுக்குள் இரு பெரும் கரங்களைப் போல அலைதடுப்புச் சுவர்களை நீட்டியும், ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்புள்ள நீர்நிலை உருவாக்கப்பட்டது. நீருக்கடியில் இறுகும் சாந்து இல்லாவிடில் இது கைகூடியிராது. நேப்பிள்ஸ் பகுதியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, கல்லும் சேர்த்து, மரச் சட்டங்களுக்குள் இட்டால் அது கடல்நீரிலேயே பாறையாகும். நாம் கட்டும் கான்கிரீட்டைக் கடல்நீர் அரிக்கிறது. ரோமர் சாந்திலோ உள்ளே ஊறும் கடல்நீரே புதிய படிகங்களை விளைவித்து உறுதி கூட்டுகிறது என்பதை 2017-இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது.

கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் வேடிக்கையானது. முந்தைய மன்னர் காலிகுலா எகிப்திலிருந்து ஒரு கல்தூணைக் கொண்டுவருவதற்காகவே மாபெரும் கப்பல் ஒன்றைக் கட்டினார். அந்தத் தூண் இன்றும் வாத்திகனில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. கப்பலைக் கிளாடியஸ் துறைமுக வாயிலில் மூழ்கடித்து, அதன்மேல் விளக்குக் கோபுரத்தை எழுப்பினார்.

இவ்வளவும் செய்தும் கி.பி. 51-இல் பஞ்சம் வந்தபோது, மக்கள் கிளாடியஸை மன்றத்தில் சூழ்ந்துகொண்டு ரொட்டித் துண்டுகளால் அடித்தனர். புறவாயில் வழியாகத்தான் அவர் அரண்மனைக்குத் தப்பினார். அதன்பின், தானிய வணிகர்களுக்குப் புயலால் நேரும் இழப்பை அரசே ஏற்பதாக அறிவித்தார். 10,000 மரக்கால் கொள்ளும் கப்பலைக் கட்டி ஆறாண்டு ரோமாபுரிக்குத் தானியம் கொணர்ந்த லத்தீன் உரிமையினர்க்கு முழுக் குடியுரிமையும் கிடைத்தது. இந்தச் சலுகைகளும் சுவர்களைப் போலவே துறைமுகத்தின் பகுதி எனலாம்.

எனினும் ஒரு குறை இருந்தது. நீர்நிலை மிகப் பெரிது. உள்ளேயே காற்று அலையெழுப்பப் போதிய பரப்பு. கி.பி. 62-இல் அடித்த புயலில், துறைமுகத்திற்குள் நின்ற சுமார் 200 கப்பல்கள் நாசமாயின என்று டாசிட்டஸ் குறிக்கிறார். தானியத்திற்குக் குறைவில்லை என்று காட்டுவதற்காக நீரோ மன்னன், கெட்டுப்போன கோதுமையை டைபரில் கொட்டச் செய்தானாம். விலையும் ஏறவில்லையாம்.

இக்குறையை நீக்கியவர் டிராஜன். கிளாடியஸின் துறைமுகத்திற்கு உட்புறமாக, நிலத்தை வெட்டி, பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 358 மீட்டர் நீளமுள்ள அறுகோணத் தடாகத்தை அமைத்தார். ஆழம் சுமார் 5 மீட்டர். கப்பல்கள் நேர்விளிம்புகளில் வரிசையாக அணைய, எதிரிலேயே பண்டகசாலைகள் நின்றன. கால்வாய் ஒன்று தடாகத்தை டைபருடன் இணைத்தது. ஆற்றுப் படகுகளைக் கரையில் நடந்து கயிற்றால் இழுத்து, எதிர்நீரில் நகருக்குக் கொண்டுசென்றனர்.

இவ்வழியே கோதுமையுடன் எண்ணெய், மது, சலவைக்கல் யாவும் சென்றன. நம் சேர நாட்டு மிளகும் சென்றிருக்கும். முசிறியிலிருந்து செங்கடல், நைல் நதி வழியாக அலெக்ஸாண்டிரியா சேரும் சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்த ஓலை வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. ரோமாபுரியில் மிளகுக்கென்றே டொமிஷியன் கட்டிய கிடங்கு இருந்தது.

துறைமுகம் என்பது சுவர்கள் மட்டுமன்று. மூட்டை தூக்குவோர், தானியம் அளப்போர், நீரில் விழுந்த சரக்கை முக்குளித்து எடுப்போர் ஆகியோர் தனித்தனிச் சங்கங்களாக இருந்தனர். ஆஸ்டியாக் கல்லறை ஒன்றில் கிடைத்த ஓவியத்தில், பலகைமேல் ஏறிவரும் ஆட்கள் ஆற்றுப் படகில் மூட்டையைக் கொட்டுகின்றனர். வேலை முடித்து அமர்ந்திருப்பவன் அருகே 'செய்து முடித்தேன்' என்று பொருள்படும் ஒரே சொல். தானியக் கப்பலில் வந்த ஐரீனியஸ் என்பவன் எகிப்திலிருந்த தன் சகோதரனுக்கு எழுதிய கடிதமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கரையேறிப் பன்னிரண்டு நாள் கழித்தே சரக்கிறக்கம் முடிந்ததாம். திரும்பிப் போக விடையளிப்பார்கள் என்று நாள்தோறும் காத்திருக்கிறானாம். தானியக் கப்பல்களில் ஒருவரையும் இன்னும் விடவில்லையாம். ஊரைவிட்டு வந்து, விடுப்பு எப்போது கிடைக்கும் என்று காத்திருந்து கடிதம் எழுதிய அனுபவம் நேயர்களில் பலருக்கும் இருக்கும்.

துறைமுகத்தை அடுத்த ஐசோலா ஸாக்ரா இடுகாட்டு எலும்புக்கூடுகளின் பற்களை ஆராய்ந்தவர்கள், சோதிக்கப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினர் வேறிடங்களில் பிறந்தவர்கள் என்றும், அவர்களிற் பலர் சிறுவயதிலேயே வந்து குடியேறியவர்கள் என்றும் 2007-இல் தெரிவித்தனர். வேலை தேடி ஆண்கள் தனியே வந்தனர் என்று எண்ணியிருந்ததற்கு மாறாக, பிள்ளைகளுடன் குடும்பமாகவே வந்து தங்கியவர்களும் இருந்தனர் என்று இதனால் அறிகிறோம்.

ஆறாம் நூற்றாண்டு வரை துறைமுகம் பயன்பட்டது. பின்னர் வண்டல் வென்றது. கடல் இன்று சில கிலோமீட்டர் மேற்கே விலகிவிட்டது. அறுகோணத் தடாகம் வயல்களுக்கிடையே ஏரியாகக் கிடக்கிறது. கிளாடியஸின் நீர்ப்பரப்பு இருந்த இடத்தை ஒட்டியே 1961-இல் திறக்கப்பட்ட ரோமாபுரியின் ஃபியூமிச்சீனோ விமான நிலையம் இருக்கிறது. அதனைக் கட்டுகையில் மண்ணுக்குள்ளிருந்து பழங்கலங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று மீன்பிடி படகு. பிடித்த மீன் கரைசேரும்வரை உயிருடனிருக்க, அதன் நடுவே கடல்நீர்த் தொட்டி அமைத்திருக்கிறார்கள்.