கொடைக்கானல் காட்டேஜுக்கு ஆள் வருவது எப்படி?

பால்காரரிடம் பால் மிஞ்சினால் தயிராக்கி விற்கலாம். காய்கறிக் கடையில் தக்காளி மிஞ்சினால், பொழுது சாய்ந்த பிறகு விலையைக் குறைத்துத் தள்ளி விடலாம். ஆனால், காட்டேஜில் ஓர் இரவு காலியாகப் போய் விட்டால்? போனது போனதுதான்! நேற்றைய இரவை இன்று விற்க முடியாது.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பாங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். மலை ஈரத்தில் சுவர் பூசணம் பிடிக்கும். அதற்குப் பெயிண்டு அடிக்க வேண்டும்.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கூட்டம் நெரியும். கேட்ட வாடகை கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிலைமை வேறு. சனி, ஞாயிறு போக மற்ற நாட்களில் பல காட்டேஜுகளில் விளக்கு எரியாது. அந்த விளக்கை எரிய வைப்பது எப்படி?

வழி, செல்போனுக்குள் இருக்கிறது!

வீட்டில் இருந்தே தேடுகிறார்கள்

முன்பெல்லாம் உல்லாசப் பயணிகள் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிய பிறகுதான் அறை தேடுவார்கள். "ரூம் வேணுமா சார்?" என்று புரோக்கர்கள் சூழ்ந்து கொள்வார்கள். இப்போது அப்படி வருகிறவர்கள் குறைந்து விட்டார்கள். சென்னையிலோ கோவையிலோ தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, செல்போனில் 20 காட்டேஜுகளைப் பார்த்து, ஒன்றைப் பிடித்து, பணமும் கட்டி விட்டுத்தான் புறப்படுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு "இ-பாஸ்" வேண்டும் என்று ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, வெளியூர் வண்டிகளுக்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம் வண்டிகள், சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வண்டிகள். நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறுவது நின்று போயிற்று. முன்கூட்டியே யோசித்து வருகிறவர்களே அதிகம். யோசித்து வருகிறவர் கண்ணில் காட்டேஜ் படுவதற்கு இன்டர்நெட்டே கடைத்தெரு.

வாடகைக் காமிரா

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரில் 2 வாலிபர்கள் இருந்தார்கள். 2007-ல் அவர்களுக்கு வீட்டு வாடகை கொடுக்கவே பணம் இல்லை. அந்த நேரத்தில் ஊரில் ஒரு மாநாடு நடந்தது. ஓட்டல்கள் நிரம்பி விட்டன. காற்று அடைத்த மெத்தைகளைத் தங்கள் வீட்டுக் கூடத்தில் போட்டு, 3 பேரைத் தங்க வைத்துப் பணம் வாங்கினார்கள். அதில் இருந்து பிறந்ததுதான் "ஏர்பிஎன்பி" என்ற கம்பெனி. யாருடைய வீட்டையும், யாருக்கும், சில நாள் வாடகைக்குப் பேசி விடுகிற கம்பெனி அது.

முதலில் வியாபாரம் படுத்து விட்டது. 2009-ல் வாரம் ஒன்றுக்கு 200 டாலர்தான் வருமானம். ஏன் என்று யோசித்தார்கள். நியூயார்க்கில் இருந்த வீடுகளின் படங்களைப் பார்த்தார்கள். எல்லாம் இருட்டு! மங்கல்! யாருக்குத்தான் அங்கே தங்கத் தோன்றும்? ஒரு நல்ல காமிராவை வாடகைக்கு எடுத்தார்கள். விமானம் ஏறி நியூயார்க் போனார்கள். வீடு வீடாகச் சென்று தாங்களே படம் பிடித்துப் போட்டார்கள். வருமானம் இரட்டிப்பாயிற்று. 200 டாலர், 400 டாலர் ஆயிற்று! வீடு மாறவில்லை, வாடகை குறையவில்லை. படம் மட்டும்தான் மாறியது.

கொடைக்கானல்காரர்கள் காமிரா வாடகைக்கு எடுக்க வேண்டியது இல்லை. கையில் உள்ள செல்போனே போதும். ஆனால், நேரம் பார்த்து எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் தெரியும். காலை வெயிலில் எடுப்பது நல்லது. திரைகளை விலக்கி விட வேண்டும். அறையின் மூலையில் நின்று, செல்போனைப் படுக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கட்டில் மேல் கிடக்கும் துண்டையும், மேசை மேல் இருக்கும் மருந்துப் பாட்டிலையும் எடுத்து விட வேண்டும்.

பலர் மலையைப் படம் எடுக்கிறார்கள். பூவைப் படம் எடுக்கிறார்கள். குளியல் அறையை எடுப்பதே இல்லை. குடும்பத்தோடு வருகிற பெண்கள் முதலில் பார்ப்பது குளியல் அறையைத்தான்! அது சுத்தமாக இருப்பதும், வெந்நீர் ஹீட்டர் இருப்பதும் படத்தில் தெரிந்தால், பாதி வேலை முடிந்தது.

58 படி

காட்டேஜைப் பற்றி என்ன எழுதுவது? "இயற்கை எழில் கொஞ்சும் இடம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கொடைக்கானலில் எந்த இடத்தில் இயற்கை இல்லை? "வேலி வியூ" என்ற பெயருக்கும் மலையில் பஞ்சம் இல்லை. அதனால் ஆள் வராது.

வருகிறவர் மனத்தில் இருக்கும் கேள்விகள் வேறு. ஏரிக்கு எத்தனை கிலோ மீட்டர்? கார் வாசல் வரை வருமா? வேன் திரும்புமா? டிரைவர் படுக்க இடம் உண்டா? குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு உண்டா? இரவு சாப்பாடு கிடைக்குமா? கரண்டு போனால் என்ன ஏற்பாடு? இவற்றுக்குப் பதிலை எழுதினால் போதும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. ஆகவே, காட்டேஜில் காய்ச்சிய குடிதண்ணீர் உண்டு என்றால், அதையும் எழுதலாம்.

குறை இருந்தால் மறைக்கலாமா? கூடாது!

கார் நிற்கும் இடத்தில் இருந்து வீட்டுக்கு 58 படி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதினால், மூட்டு வலி உள்ள பாட்டியை அழைத்து வரும் குடும்பம் வராது. உண்மைதான். ஆனால், எழுதாமல் விட்டால் அந்தக் குடும்பம் வந்து விடும்! இரவு 9 மணிக்கு, மழையில், பாட்டியைக் கைத்தாங்கலாக இறக்குவார்கள். மறுநாள் காலையில் இன்டர்நெட்டில் எழுதுவார்கள். அதை அடுத்து வருகிற ஆயிரம் பேர் படிப்பார்கள். 58 படி என்று ஒளிக்காமல் எழுதிய இடத்துக்கு, இளவட்டங்கள் சந்தோஷமாக வருவார்கள்.

ஒரே இரவு, இரண்டு குடும்பம்

காட்டேஜ் தொழிலில் மிகப் பெரிய சண்டை இதுதான். கணவர் போனில் பேசி ஒரு குடும்பத்துக்கு அறையைக் கொடுத்து விடுகிறார். அதே இரவுக்கு இன்டர்நெட்டில் இன்னொரு குடும்பம் பணம் கட்டி விடுகிறது. இரண்டு காரும் வாசலில் வந்து நிற்கின்றன. குழந்தைகள் குளிரில் நடுங்குகின்றன. சீசன் நேரத்தில் வேறு அறைக்கு எங்கே போவது?

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒரே நாட்காட்டி. போனில் பேசினாலும், தெரிந்தவர் சொல்லி வந்தாலும், உடனே செல்போனை எடுத்து அந்த நாளை அடைத்து விட வேண்டும். இரண்டு, மூன்று கம்பெனிகளில் பதிவு செய்திருந்தால், அவற்றின் நாட்காட்டிகளை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வசதி உண்டு. ஓர் இடத்தில் நாள் நிரம்பினால் மற்ற இடத்திலும் தானாகவே அடைபடும். ஆனால், அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். சீசன் நாட்களில் கையாலும் அடைத்து விடுவது நல்லது.

450 ரூபாய்

இந்தக் கம்பெனிகள் சும்மா ஆள் அனுப்புமா? கமிஷன் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். நூற்றுக்கு 15 என்று வைத்தால், 3 ஆயிரம் ரூபாய் வாடகையில் 450 ரூபாய் போய் விடும். மாதம் 20 இரவு என்றால் 9 ஆயிரம் ரூபாய்! வாட்ச்மேன் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு அது.

அதற்காகக் கம்பெனியே வேண்டாம் என்று இருப்பதும் சரியல்ல. பெயர் தெரியாத காட்டேஜைப் பெங்களூர்க்காரருக்குக் காட்டுவது கம்பெனிதான். முதல் முறை வருகிறவர் கம்பெனி வழியாக வரட்டும். அந்தப் பயணத்தை இடையில் மறித்து, தனியாகப் பேசுவது ஒப்பந்தத்துக்கு விரோதம். ஆனால், அவரை நன்றாகக் கவனித்து, புறப்படும்போது காட்டேஜின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினால், அடுத்த முறை நேராகக் கூப்பிடுவார். கமிஷன் மிச்சம். குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் அந்தப் பூ, 2030-ல் மறுபடி பூக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அந்தச் சேதியை அனுப்பக் காசு செலவு இல்லை.

கம்பெனிகள் நாட்டாமை செய்தால் கேட்க ஆள் உண்டு. "வேறு எங்கும் எங்களைவிடக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கக் கூடாது" என்று ஓட்டல்காரர்களைக் கட்டிப் போட்டது உள்படப் பல காரணங்களுக்காக, மேக்மைடிரிப் - கோஐபிபோ கம்பெனிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

கூகுள் வரைபடத்தில் காட்டேஜின் பெயரைப் பதிவது இலவசம். சோதித்துப் பார்த்த பிறகே அதை ஏற்பார்கள். வீடு இருக்கும் இடத்தில் புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது முக்கியம். புள்ளி ஒரு வளைவு தள்ளி விழுந்தால், மலைப் பாதையில் கார் வேறு பள்ளத்தில் இறங்கி விடும்!

திங்கள் முதல் வியாழன் வரை

சனிக்கிழமை தானாக நிரம்பும். மூளையைச் செலுத்த வேண்டியது வார நாட்களில்தான். 2 இரவுக்கு மேல் தங்கினால் வாடகையில் தள்ளுபடி கொடுக்கலாம். வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல இன்டர்நெட்டும் ஒரு மேசை, நாற்காலியும் இருந்தால், மழைக் காலத்திலும் ஒரு வாரம் தங்குவார்கள். இ-பாஸ் வந்தபோதே, அரசு பஸ்சில் வருகிறவர்களுக்கு அது தேவை இல்லை என்று அறிவித்தார்கள். பஸ் நிலையத்துக்கு ஜீப் அனுப்புகிற காட்டேஜுக்கு அதனால் ஒரு தனி மவுசு உண்டு.

இவ்வளவும் செய்வதற்கு முன், கட்டிடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலில் அனுமதி இல்லாத கட்டிடங்களுக்கு 2019-ல் ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் "சீல்" வைத்தார்கள். சீல் வைத்த வீட்டுக்கு எவ்வளவு அழகான படம் போட்டு என்ன? வெளிநாட்டுக்காரர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

திருட்டுப் படம்

நல்ல படம் போட்டால் இன்னோர் ஆபத்தும் வருகிறது. மோசடிக்காரர்கள் அந்தப் படங்களைத் திருடி, அதே காட்டேஜின் பெயரில் போலி விளம்பரம் போடுகிறார்கள். "முன்பணம் அனுப்புங்கள்" என்று வாங்கிக் கொண்டு மறைந்து விடுகிறார்கள். பணம் கட்டிய குடும்பம் உண்மையான காட்டேஜின் வாசலில் வந்து நிற்கும். "நாங்கள் பணம் வாங்கவில்லையே அம்மா" என்றால், அவர்கள் நம்புவார்களா?

ஆகவே, சொந்தப் போன் நம்பரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட வேண்டும். மாதம் ஒரு முறையாவது தன் காட்டேஜின் பெயரைத் தானே இன்டர்நெட்டில் தேடிப் பார்க்க வேண்டும். யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால், செல்போனில் முகம் பார்த்துப் பேசி, வீட்டையும் வாசலையும் அப்படியே திருப்பிக் காட்டி விடலாம். பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் குற்றங்களுக்கான அரசாங்க நம்பர் அது. சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் முடக்கி வைக்க வழி இருக்கிறது.