மணிக்கூட்டு முட்களும் ஆரையனும்

நேரம் 4.20. மணிக்கூட்டின் இரு முட்களுக்கும் இடையிலுள்ள கோணம் எவ்வளவு? பூச்சியம் என்றே பலரும் சொல்வர். நிமிட முள் 4 இல் நிற்கிறது. மணி முள்ளும் அங்கேதானே நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்த இருபது நிமிடமும் மணி முள் சும்மா இருக்கவில்லை. அது 4 ஐத் தாண்டிச் சென்றிருக்கும். எவ்வளவு தூரம் தாண்டியது என்று பார்ப்போம்.

சிறிய வகுப்புகளில் கோணத்தைப் பாகையில் அளந்தோம். உயர்தர வகுப்பில் ஆரையன் அறிமுகமாகிறது. ஒரு வட்டத்தின் ஆரைக்குச் சமமான நூலை அதன் பரிதியின் மேல் வளைத்து வையுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்துடன் இணைத்தால் உண்டாகும் கோணமே ஓர் ஆரையன். அது ஏறத்தாழ 57.3 பாகை. பரிதியானது ஆரையின் 2பை மடங்கு. ஆகவே முழுச் சுற்று 2பை ஆரையன்.

மணிக்கூட்டு முகத்தில் 12 இலக்கங்கள் உள்ளன. அடுத்தடுத்த இரு இலக்கங்களுக்கு இடையே பை/6 ஆரையன். நிமிட முள் 60 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் நிமிடத்துக்கு பை/30 நகர்கிறது. மணி முள்ளுக்கு ஒரு சுற்றுக்கு 12 மணித்தியாலம், அதாவது 720 நிமிடம் வேண்டும். எனவே அது நிமிடத்துக்கு பை/360 நகர்கிறது.

இப்போது 4.20 ஐ எடுப்போம். 12 இலிருந்து வலஞ்சுழியாக அளந்தால்,

நிமிட முள்: 20 × பை/30 = 2பை/3
மணி முள்: 4 × பை/6 + 20 × பை/360 = 13பை/18

வித்தியாசம் பை/18 ஆரையன், அதாவது 10 பாகை. வேறு நேரங்களில் வித்தியாசம் பையை விடக் கூடினால், அதை 2பையிலிருந்து கழித்துச் சிறிய கோணத்தை எடுக்க வேண்டும்.

அப்படியானால் முட்கள் எப்போது ஒன்றின் மேல் ஒன்று வரும்? 4 மணிக்கு மணி முள் 2பை/3 முன்னே நிற்கிறது. நிமிட முள் ஒவ்வொரு நிமிடமும் 11பை/360 வீதம் அதை நெருங்குகிறது. வகுத்தால் 240/11 நிமிடம் வரும். எனவே 4 மணி 21 நிமிடம் 49 செக்கனளவில் இரண்டும் சந்திக்கும்.

ஆரையனில் இன்னொரு வசதியும் உண்டு. ஆரையைக் கோணத்தால் பெருக்கினாலே வில்லின் நீளம் கிடைத்துவிடும். 15 சென்ரிமீற்றர் நீளமான நிமிட முள்ளின் நுனி 20 நிமிடத்தில் செல்லும் தூரம் 15 × 2பை/3 = 10பை, ஏறத்தாழ 31.4 சென்ரிமீற்றர்.

இன்று வீட்டில் 3.30 க்கு என்ன கோணம் என்று கேட்டுப் பாருங்கள். 90 பாகை என்று பதில் வந்தால், மணி முள் 3 க்கும் 4 க்கும் நடுவில் நிற்பதைக் காட்டுங்கள். சரியான விடை 5பை/12 ஆரையன்.