முறுக்கும் கழுத்துக்கு மூளையில் ஒரு மின்கம்பி

2017 ஜூலையில் பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் ஓர் இளைஞர், மூளை அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே கிடார் வாசித்தார். கிடாரைத் தொட்டாலே இடக்கை விரல்கள் மடங்கிக்கொள்ளும் டிஸ்டோனியா அவருக்கு. தலாமஸ் என்ற மூளைப் பகுதியில் சிறு புள்ளிகளை மருத்துவர்கள் சுட்டுப் பொசுக்கியதும் விரல்கள் விடுபட்டன.

டிஸ்டோனியாவில் கோளாறு தசையில் இல்லை, மூளை அனுப்பும் கட்டளையில் இருக்கிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் கழுத்து திருகிக்கொள்ளும், பாதம் உள்பக்கம் வளையும். சிலருக்குக் கன்னத்தில் விரலை லேசாக வைத்தாலே கழுத்து நேராகிவிடும். இதைப் பார்த்து "நடிக்கிறான்" என்பார்கள், பேயோட்டக் கூட்டிப்போவார்கள். உண்மையில் இந்நோயை மருத்துவர்கள் கண்டுகொள்ள உதவும் அடையாளங்களில் ஒன்று அதுதான்.

அந்த இளைஞருக்குச் செய்ததுபோல் மூளையில் சுட்டால், சுட்ட இடம் சுட்டதுதான்; பழையபடி ஆகாது. சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். 1987இல் பிரான்சின் கிரனோபிளில் அலீம் லூயி பெனபிட் அப்படிப் பார்த்தபோது, துடிப்பின் வேகத்தைக் கூட்டியதும் நோயாளியின் நடுக்கம் நின்றது. பொசுக்காமலே பலன்! மூளை ஆழ்தூண்டல் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. டிஸ்டோனியாவுக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி தந்தது.

ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனையைப் பெரும்பாலும் குளோபஸ் பாலிடஸ் என்ற ஆழ்பகுதியில் இருபுறமும் இறக்குகிறார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கும் கம்பி, காறை எலும்புக்குக் கீழே வைத்த பேட்டரிக் கருவியில் சேர்கிறது. மின்சாரம் கூடினாலோ குறைந்தாலோ வெளியிலிருந்தே திருத்தலாம்.

பார்க்கின்சன் நடுக்கம் கருவியை இயக்கியதுமே அடங்கக்கூடும். டிஸ்டோனியாவின் முறுக்கு அப்படி உடனே விடாது. வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். அதுவரை மின்னளவைத் திருத்தித் திருத்திப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக் குடும்பம் ஒன்றுக்கு இது 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து, அங்கிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கோ திரும்பத் திரும்பப் போகும் பயணம். கருவி பல லட்சம் ரூபாய். சாதாரணப் பேட்டரி என்றால் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பயணச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. கழுத்தில் மட்டும் முறுக்கு என்றால் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாக்ஸ் ஊசி போதுமானதாக இருக்கலாம். காலையில் நன்றாக நடக்கும் குழந்தைக்குச் சாயங்காலம் கால் திருகுகிறதா? லெவோடோபா மாத்திரையிலேயே முழுக்கக் குணம் காணும் வகையாக அது இருக்கக்கூடும். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், "இந்த மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள்.